யாருக்கு எரிகிறது, ஏன் எரிகிறது: சென்சிட்டிவ் சருமம் பற்றிய எளிய விளக்கம்

மூக்கின் ஓரத்திலிருந்து உதட்டின் ஓரம் வரை இறங்கும் மடிப்பில், ஒரு பக்கம் 10 விழுக்காடு லாக்டிக் அமிலக் கரைசலில் நனைத்த பஞ்சையும், மறுபக்கம் வெறும் நீரில் நனைத்த பஞ்சையும் ஒற்றி எடுக்கிறார்கள். எந்தப் பக்கம் எது என்பதை எதிரே அமர்ந்திருப்பவருக்குச் சொல்வதில்லை. அதன்பின் சில நிமிட இடைவெளியில் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது: எரிகிறதா, எவ்வளவு எரிகிறது? எரியவில்லை என்றால் 0, இலேசாக என்றால் 1, நன்றாகவே எரிகிறது என்றால் 2, தாங்க முடியவில்லை என்றால் 3. ஒருவர் எதையும் உணராமல் அமர்ந்திருப்பார். அவருக்கு அடுத்து வருபவர் சிறிது நேரத்திலேயே முகத்தைச் சுளிப்பார். இருவருடைய தோலையும் அருகில் வைத்துப் பார்த்தாலும் கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாமல் போகலாம். பீட்டர் ஃப்ரோஷ், ஆல்பர்ட் கிளிக்மன் என்னும் இரு தோல் மருத்துவர்கள் 1977இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்த சோதனை இது. ‘சென்சிட்டிவ் சருமம்’ என்று நாம் அன்றாடம் சொல்வதை ஆய்வகத்தில் அளந்து பார்க்க இன்றும் பெரிதும் பயன்படுவது இதுவே.

தயிருக்குப் புளிப்பைத் தருவதும் இதே லாக்டிக் அமிலம்தான். தயிரில் அதன் அளவு ஏறத்தாழ 1 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். தயிர் புளிக்கப் புளிக்க அந்த அளவு கூடும். முகத்தில் தயிர் பூசினால் குளுகுளுவென்று இருக்கிறது என்று ஒருவர் சொல்லக் கேட்டு, அதையே பூசிக்கொண்ட இன்னொருவர் ஐந்து நிமிடத்தில் குழாயடிக்கு ஓடுவது உண்டு. தயிரில் குறை ஒன்றுமில்லை. பூசிக்கொண்ட தோல் வேறு.

இத்தகைய உணர்வுகளைச் சொல்லத் தமிழில் சொல் பஞ்சமே இல்லை. காந்துகிறது, சுள்ளென்கிறது, நமைக்கிறது, குறுகுறுக்கிறது, முகம் இழுக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறோம். ஆனால் காரணத்தைச் சொல்ல வரும்போது மட்டும் எல்லாவற்றையும் ‘ஒத்துக்கொள்ளவில்லை’, ‘அலர்ஜி’ என்னும் இரண்டு சொற்களுக்குள் அடைத்துவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

எதைச் சென்சிட்டிவ் சருமம் என்பது?

அரிப்பைப் பற்றி ஆராயும் பன்னாட்டு மன்றம் ஒன்றின் வல்லுநர் குழு 2017இல் இதற்கு ஒரு வரையறையை வகுத்தது. அதன் சாரம் இது: சாதாரணமாக எந்தத் தொந்தரவையும் தரக் கூடாத ஒரு தூண்டலுக்கு, குத்தல், எரிச்சல், வலி, அரிப்பு, குறுகுறுப்பு போன்ற விரும்பத்தகாத உணர்வுகள் தோன்ற வேண்டும்; அந்த உணர்வுகளுக்கு வேறு எந்தத் தோல்நோயின் புண்ணோ தடிப்போ காரணமாக இருக்கக் கூடாது; தோல் பார்வைக்கு இயல்பாகவே இருக்கலாம், அல்லது சிவந்திருக்கலாம்; உடலின் எந்தப் பகுதியிலும் இது வரலாம் என்றாலும் முகத்தில்தான் மிகுதி.

இந்த வரையறையில் கவனிக்க வேண்டியது ‘சாதாரணமாகத் தொந்தரவு தரக் கூடாத’ என்னும் நிபந்தனை. பச்சை மிளகாய் நறுக்கிய கை எரிவதும், சேப்பங்கிழங்கைச் சீவிய விரல் அரிப்பதும், கரும்புத் தோகையின் சுணை பட்ட கழுத்து நமைப்பதும் யாருக்கும் நடப்பவை. அவற்றை வைத்து ஒருவருடைய தோலைச் சென்சிட்டிவ் என்று சொல்ல முடியாது. பிறர் பொருட்படுத்தாத குழாய்த் தண்ணீருக்கும், மின்விசிறிக் காற்றுக்கும், வீட்டில் எல்லோரும் பூசிக்கொள்ளும் அதே க்ரீமுக்கும் ஒருவருடைய முகம் மட்டும் காந்தினால்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

ஒவ்வாமை, அதாவது அலர்ஜி, இதிலிருந்து வேறுபட்டது. ஒவ்வாமையில் நோயெதிர்ப்பு மண்டலம் ஒரு குறிப்பிட்ட பொருளை அடையாளம் கண்டு வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அந்தப் பொருள் சிறிதளவு பட்டாலும், பெரும்பாலும் ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து, பட்ட இடத்தில் தடிப்பும் கொப்புளமும் அரிப்புமாக வெளிப்படுகிறது. தலைச்சாயத்தில் உள்ள பாராஃபினைலின்டையமின், கவரிங் நகையில் உள்ள நிக்கல், ஸ்டிக்கர் பொட்டின் பசை ஆகியவை நம்மிடையே இதற்கு நன்கு அறியப்பட்ட காரணங்கள். அதைக் கண்டறிய மருத்துவர்கள் முதுகில் சிறு ஒட்டுகளை ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, மீண்டும் 72 அல்லது 96 மணி நேரத்தில் பார்க்கிறார்கள். சென்சிட்டிவ் சருமத்தில் நடப்பதோ உடனடியானது: பூசிய சில நொடிகளில் அல்லது நிமிடங்களில் எரிகிறது, கழுவினால் மெல்ல அடங்குகிறது, மறுநாள் பார்க்கும்போது தடயமே இருப்பதில்லை. அதனால்தான் இந்தத் தொல்லை உள்ளவர்களை வீட்டார் எளிதில் நம்புவதில்லை. காட்டுவதற்கு ஒரு தடிப்புக்கூட இல்லாமல் எரிகிறது என்று சொல்பவரின் பாடு சற்றுக் கடினமானதுதான்.

எத்தனை பேருக்கு?

பிரித்தானியாவில் 2001இல் வெளியான ஓர் ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. அஞ்சல் வழியாக அனுப்பிய வினாத்தாளுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் பெண்களும் இருநூற்றறுபது ஆண்களும் விடை எழுதி அனுப்பினார்கள். பெண்களில் 51.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 38.2 விழுக்காட்டினரும் தமக்குச் சென்சிட்டிவ் சருமம் என்றார்கள். ஆனால் ‘மிகவும் சென்சிட்டிவ்’ என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள் பெண்களில் 10 விழுக்காடும் ஆண்களில் 5.8 விழுக்காடும் மட்டுமே. ஒரே வினாத்தாளில், ஒரே மக்களிடம், ‘மிகவும்’ என்னும் ஒரு சொல் சேர்ந்தவுடன் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. இந்தப் பொருளைப் பற்றி எங்கே எந்தப் புள்ளிவிவரத்தைப் படித்தாலும் இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

2009இல் எட்டு ஐரோப்பிய நாடுகளில் நாலாயிரத்து ஐந்நூறு பேரிடம் நடத்திய கணக்கெடுப்பில், ‘சென்சிட்டிவ்’ அல்லது ‘மிகவும் சென்சிட்டிவ்’ என்றவர்கள் 38.4 விழுக்காடு. அமெரிக்காவில் இதே போன்ற கேள்விக்கு 44.6 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். ஜப்பானில் ஆண்கள், பெண்கள் இரு பாலாரிலும் பாதிக்கும் சற்று மேற்பட்டோர் ஆம் என்றார்கள். அங்கே இரு பாலாருக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்பது வியப்புக்குரியது. இந்தியாவில் சுமார் மூவாயிரம் பேரிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், பெண்களில் 36.7 விழுக்காட்டினரும் ஆண்களில் 27.9 விழுக்காட்டினரும் தமது தோலைச் சென்சிட்டிவ் அல்லது மிகவும் சென்சிட்டிவ் என்று கூறினார்கள். பெண்களில் மூவரில் ஒருவருக்கு மேல், ஆண்களில் நால்வரில் ஒருவருக்கு மேல் என்பது எந்த அளவுகோலிலும் சிறிய எண்ணிக்கை அல்ல.

2020இல், பதினெட்டு நாடுகளில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ‘கொஞ்சம் சென்சிட்டிவ்’ என்பவர்களையும் சேர்த்தால் சுமார் 71 விழுக்காடு, ஓரளவு அல்லது மிகுதியாக என்பவர்களை மட்டும் எண்ணினால் சுமார் 40 விழுக்காடு என்று கணக்கு வந்தது. அழகுசாதன விளம்பரங்கள் இவற்றில் எந்த எண்ணைக் கையிலெடுக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்தில் ஏழு பேருக்கு ஒரு கோளாறு என்று சொன்னால், அது கோளாறா அல்லது மனிதத் தோலின் இயல்பா என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. இதை உயரத்தைப் போலப் பார்ப்பதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. உயரமானவர், குட்டையானவர் என்று மக்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்பதில்லை. ஒருவர் பின் ஒருவராக ஒரு நீண்ட வரிசையில் நிற்கிறார்கள். எங்கே கோடு கிழிப்பது என்பதைக் கேட்பவர் தீர்மானிக்கிறார்.

இந்த எண்கள் எல்லாமே ஒருவர் தம் தோலைப் பற்றித் தாமே சொன்னவை என்பதும் முக்கியம். தொடக்கத்தில் சொன்ன லாக்டிக் அமிலச் சோதனையைச் செய்து பார்த்தால், தமக்குச் சென்சிட்டிவ் சருமம் என்பவர்களில் ஒரு பகுதியினருக்கு எரிவதில்லை. அப்படி ஒன்றும் இல்லை என்பவர்களில் சிலருக்கு எரிகிறது. அதற்காக முதல் வகையினர் கற்பனை செய்கிறார்கள் என்று பொருளில்லை. அமிலத்துக்கு எரியாத தோல் குளிர்காற்றுக்கோ வியர்வைக்கோ எரியக்கூடும். ஒரே ஒரு பொருளை வைத்து நடத்தும் சோதனை அதைப் பிடிக்காது.

தோலுக்குள் நடப்பது

தோலின் மேற்பரப்பில் இருப்பது உயிரற்ற செல்களால் ஆன ஓர் அடுக்கு. முகத்தில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான் என்றாலும், உடலின் நீரை உள்ளே நிறுத்துவதும் வெளிப்பொருளை வெளியே நிறுத்துவதும் அதுவே. செங்கல் சுவரை நினைத்துக்கொள்ளலாம்: தட்டையான செல்கள் செங்கல், அவற்றுக்கு இடையே நிரம்பியிருக்கும் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் ஆகியவற்றாலான கலவை சாந்து. சாந்து உதிர்ந்தால் இரண்டு கெடுதல்கள் சேர்ந்து வருகின்றன. உள்ளிருக்கும் ஈரம் கசிந்து தோல் வறள்கிறது. வெளியிலிருக்கும் பொருள் உள்ளே இறங்கி, வழக்கமாக எட்டாத நரம்பு முனைகளை எட்டிவிடுகிறது. வறண்ட சருமமும் சென்சிட்டிவ் சருமமும் பெரும்பாலும் கைகோத்து வருவதற்கு இது ஒரு காரணம். முகத்தில், குறிப்பாக மூக்கோர மடிப்பிலும் இமையிலும் முதலில் எரிவதற்கும் இதுவே காரணம்; அங்கே சுவர் மெல்லியது, நரம்பு முனைகள் மிகுதி, நாம் பூசும் பொருள்களும் மிகுதி.

சுவர் மட்டுமே முழுக் கதையும் அல்ல. நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்று பெயரிடப்பட்ட ஒரு புரத வாயில் இருக்கிறது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் பட்டாலோ, வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, அமிலம் பட்டாலோ அது திறந்துகொண்டு ‘எரிகிறது’ என்னும் செய்தியை மூளைக்கு அனுப்புகிறது. மிளகாய் பட்ட இடம் சுட்டது போலவே காந்துவதற்குக் காரணம் இதுதான். மூளைக்குப் போகும் செய்தி இரண்டுக்கும் ஒன்றே. டேவிட் ஜூலியஸின் குழுவினர் 1997இல் இந்த வாயிலைக் கண்டறிந்தனர். 2021ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசை அவரும் ஆர்டெம் பட்டபூட்டியனும் பகிர்ந்துகொண்டனர். சென்சிட்டிவ் சருமத்தில் இந்த வாயில்கள் கூடுதலாக இருப்பதையோ சிறிய தூண்டலுக்கே திறந்துவிடுவதையோ சில ஆய்வுகள் சுட்டுகின்றன. மிகவும் நீர்த்த கேப்சைசின் கரைசலைப் பூசி, எந்த அளவில் ஒருவர் அதை உணரத் தொடங்குகிறார் என்று பார்க்கும் சோதனையும் உண்டு. பிறர் உணராத அளவிலேயே இவர்கள் உணர்ந்துவிடுகிறார்கள்.

2016இல் பிரான்சின் பிரெஸ்ட் நகர ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இன்னும் சுவையானது. சென்சிட்டிவ் சருமம் உடையவர்களின் மேல்தோலில் நுண்ணிய நரம்பிழைகள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. உணர்வு கூடுதலாக இருக்கும் இடத்தில் நரம்பு குறைவாக இருப்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகள் பலருக்கு உள்ளங்கால் எரிவதை நாம் அறிவோம். அங்கும் நுண்ணரம்புகள் சிதைந்து குறைந்திருக்கின்றன, எஞ்சியவை காரணமில்லாமல் செய்தி அனுப்புகின்றன. இரண்டும் ஒரே நோய் என்பதல்ல, நரம்பு குறைந்தால் உணர்வும் குறைந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று புரிந்துகொள்ள அந்த ஒப்புமை உதவும்.

மூளைக்கும் இதில் பங்கு இருக்கிறது. முகத்தில் லாக்டிக் அமிலத்தைப் பூசிவிட்டு மூளையை ஸ்கேன் செய்து பார்த்த 2008ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், சாதாரணச் சருமம் உடையவர்களுக்கு மூளையின் ஒரு பக்கத்தோடு நின்ற செயல்பாடு, சென்சிட்டிவ் சருமம் உடையவர்களுக்கு மறுபக்கத்துக்கும் பரவியிருந்தது. ‘எல்லாம் மனப்பிரமை’ என்று சொல்வோருக்கு இதைக் காட்டலாம்.

எவை கூட்டுகின்றன?

ஜப்பான் போன்ற சில இடங்களைத் தவிரப் பெரும்பாலான கணக்கெடுப்புகளில் பெண்களே மிகுதி. பெண்களின் முகத்தோல் சற்று மெல்லியது என்பதும், மாதவிலக்குக்கு முந்தைய நாள்களில் தோலின் எதிர்வினை கூடுவதாகப் பலர் சொல்வதும் ஒரு பக்கம்; ஒரு நாளில் முகத்தில் படும் பூச்சுகளின் எண்ணிக்கையே ஆண்களைவிடப் பன்மடங்கு என்பது இன்னொரு பக்கம். ஆண்கள் இதைப் பற்றி வாய் திறப்பது குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சவரம் செய்த கன்னம் தினமும் எரிந்தாலும் அதைச் சருமப் பிரச்சினையாக எண்ணாதவர்கள் பலர். வயதைப் பொறுத்தவரை, இளவயதினரிடமே இந்த முறையீடு மிகுதி. முதுமையில் தோல் வறண்டு மெலிந்தாலும், நரம்பின் கூர்மை மழுங்குவதால் எரிச்சல் குறைகிறது.

வெள்ளைத் தோல்தான் சென்சிட்டிவ், கறுப்புத் தோல் எதையும் தாங்கும் என்னும் நம்பிக்கைக்கு உறுதியான ஆதாரம் இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் நான்கு இனப் பின்னணிகளைச் சேர்ந்த எண்ணூறு பெண்களிடம் நடத்தி 2002இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 52 விழுக்காட்டினர் தமக்குச் சென்சிட்டிவ் சருமம் என்றார்கள். இனத்துக்கு இனம் அந்த அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எதனால் எரிகிறது என்பதில்தான் வேறுபாடு இருந்தது. ஆசியப் பின்னணி உடையவர்கள் திடீர் வெப்பநிலை மாற்றத்தையும் காரமான உணவையும் கூடுதலாகக் குறிப்பிட்டார்கள். அரிப்பும் அவர்களிடமே மிகுதி. நம் வீடுகளில் கேட்கும் குறைகளோடு இது ஒத்துப்போகிறது.

குடும்பத்தில் ஆஸ்துமா, அடிக்கடி தும்மல், சிறு வயதில் முழங்கை மடிப்பில் வரும் கரப்பான் போன்றவை இருந்தால், தோலின் சுவர் பிறவியிலேயே சற்று நலிந்திருக்கக்கூடும். ரோசேசியா என்னும் முகச்சிவப்பு நோயும், மூக்கோரத்தில் செதில் உதிர்க்கும் பொடுகு வகைத் தோலழற்சியும் எரிச்சலைத் தருவன. கறுத்த நிறத்தில் சிவப்பு எடுப்பாகத் தெரியாததால் ரோசேசியா நம்மிடையே பல ஆண்டுகள் கண்டறியப்படாமலே போகிறது. இவற்றை விலக்கிவிட்டுத்தான் ஒருவருக்கு வெறும் சென்சிட்டிவ் சருமம் என்று முடிவுகட்ட வேண்டும்.

புறக் காரணங்களைத் தொகுத்த 2020ஆம் ஆண்டின் இன்னொரு ஆய்வில் முதலிடம் பெற்றது வெயிலோ தூசியோ அல்ல, அழகுசாதனப் பொருள்கள்தான். அதற்கு அடுத்த நிலையில் ஈரப்பதம் மிகுந்த காற்று, குளிர்சாதனம், வெப்பநிலை மாற்றம், வெப்பம் ஆகியவை ஏறத்தாழச் சமமாக நின்றன. குளிர், நீர், மாசு, காற்று, வெயில், மன உளைச்சல் எல்லாம் அவற்றுக்குப் பின்னே வந்தன. இந்தப் பட்டியலை வைத்துச் சென்னையில் ஒரு வேலைநாளைப் பார்த்தால் போதும். புழுக்கத்தில் பேருந்தில் நின்று வியர்க்கிறது. வியர்வையிலும் லாக்டிக் அமிலம் உண்டு. வியர்த்த முகத்தோடு குளிரூட்டிய அறைக்குள் நுழைந்து எட்டு மணி நேரம் அமர்ந்திருக்கும்போது, அந்த வறண்ட காற்று தோலின் ஈரத்தை உறிஞ்சுகிறது. மாலையில் மீண்டும் புழுக்கம். வீடு திரும்பியதும் ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்புப் போட்டு முகத்தைத் தேய்த்துக் கழுவுகிறோம்.

கடைசியாகச் சொன்னதை இலேசாக எண்ண வேண்டாம். தோலின் மேற்பரப்பு இயல்பில் சற்று அமிலத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு 5ஐ ஒட்டி இருக்கும். வழக்கமான சோப்பின் அளவோ 9 முதல் 10 வரை. ஒவ்வொரு முறை சோப்பிட்டுக் கழுவிய பிறகும் தோல் தன் இயல்பான நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் ஆகலாம். நீர் கடினமாக இருந்தால், அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, வாளியின் உட்புறத்தில் படிவது போன்ற வெள்ளைப் படிவைத் தோலிலும் விட்டுச்செல்கின்றன. கடின நீரில் கழுவும்போது நுரைப்பொருள் தோலில் கூடுதலாகத் தங்கி எரிச்சலை மிகுவிக்கிறது என்பதை ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தினர் 2018இல் சோதனை செய்து காட்டினார்கள். எலுமிச்சைச் சாறு இதற்கு நேர் எதிர்த் திசையில் கெடுதி செய்வது. அதன் பிஎச் 2 முதல் 3 வரைதான். இயற்கையானது என்பதால் மென்மையானதாகத்தான் இருக்கும் என்ற நினைப்பை எலுமிச்சை ஒன்றே கலைத்துவிடும்.

கடையில் வாங்கிவந்த எரிச்சல்

இந்தியாவில் இதைப் பற்றி எழுதுபவர் எவரும் தாண்டிப் போகக் கூடாத ஒரு காரணம் இருக்கிறது. முகம் வெளுக்க, பரு மறைய, கரும்புள்ளி போக என்று மருந்துக் கடையில் வாய்ச்சொல்லாகக் கேட்டு வாங்கும் சிறு டியூப்களில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் சில வாரங்களில் முகம் பளிச்சிடும். அதன்பின் தோல் மெலிந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கி, வெயில் பட்டால் காந்தும். நிறுத்தினால் முகம் முழுதும் சிவந்து எரிகிறது. மீண்டும் பூசினால் அடங்குகிறது. ஆகவே நிறுத்த முடிவதில்லை. இந்திய மருத்துவமனைகள் பலவற்றில் முகத்தோல் தொல்லைக்காக வந்த 2,926 பேரை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், 433 பேர், அதாவது 14.8 விழுக்காட்டினர், முகத்தில் ஸ்டீராய்டு பூசிவந்தது தெரிந்தது. இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்நிலைக்கு ‘ஸ்டீராய்டால் சேதமடைந்த முகம்’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள். 2018இல் இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணைக்குள் அரசு கொண்டுவந்தது. ‘எனக்கு முன்பெல்லாம் இப்படி இல்லை, ஓராண்டாகத்தான் எதைப் போட்டாலும் எரிகிறது’ என்று ஒருவர் சொன்னால், அந்த ஓராண்டில் என்ன டியூப் பயன்படுத்தினார் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். நெடுநாள் பூசிய ஸ்டீராய்டைத் தாமாகத் திடீரென நிறுத்தாமல், தோல் மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்துவதே நல்லது.

சிலர் பெட்டியின் மேல் ‘சென்சிட்டிவ் சருமத்துக்கானது’, ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்று எழுதியிருப்பதை நம்பி வாங்குகிறார்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1975இல், ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்று எழுதுபவர்கள் அதை மனிதர்கள் மீதான ஆய்வின் மூலம் நிறுவ வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. ஆல்மே, கிளினிக் ஆகிய நிறுவனங்கள் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. அன்று முதல் அமெரிக்காவில் அந்தச் சொல்லை விற்பவர் தம் விருப்பம்போல் பயன்படுத்தலாம். ஆகவே முகப்பில் எழுதியிருப்பதை விடுத்துப் பின்புறத்துப் பொருள்பட்டியலைப் பார்க்க வேண்டும். பட்டியல் குட்டையாக இருப்பதும், நறுமணப் பொருள் சேர்க்கப்படாதிருப்பதும் நல்ல அறிகுறிகள். ‘வாசனையற்றது’ என்று விற்கப்படுவதில்கூட மூலப்பொருளின் நாற்றத்தை மறைக்கச் சிறிது நறுமணம் சேர்த்திருக்கலாம் என்பதால், நறுமணப் பொருள் சேர்க்காதது என்று தெளிவாக எழுதியிருப்பதைத் தேட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு செய்யக்கூடியது மிகக் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமே பெரும்பாலோருக்குப் போதுமானதாக இருக்கிறது. மருத்துவர் தந்த மருந்து எதுவும் இல்லையென்றால், முகத்துக்கான எல்லாவற்றையும் இரண்டு வாரங்களுக்கு நிறுத்திவிட்டு, சோப்பு அல்லாத மென்மையான முகக்கழுவி ஒன்று, நறுமணமற்ற மாய்ஸ்சரைசர் ஒன்று, பகலில் வெளியே செல்வதானால் ஜிங்க் ஆக்சைடு அடங்கிய சன்ஸ்கிரீன் ஒன்று என்று நிறுத்திக்கொள்ளலாம். மேல்தோல் தன்னை முழுதாகப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும் என்பதால், மூன்றாம் நாளே பலனைத் தேடுவது பொறுமையின்மை. எரிச்சலோடு தடிப்பு, நீர்க்கசிவு, செதில், மாறாத சிவப்பு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் இந்தப் பரிசோதனையைத் தொடராமல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

இரண்டு வாரத்தில் முகம் அடங்கிவிட்டால், பழைய பொருள்களை ஒவ்வொன்றாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு வார இடைவெளி விட்டுச் சேர்க்கலாம். இரண்டை ஒன்றாகச் சேர்த்தால் குற்றவாளி எது என்று தெரியாமல் போகும். புதிதாக வாங்கிய க்ரீமை முழங்கையின் உட்புறத்தில் ஓர் அணா அளவு இடத்தில் காலையும் மாலையும் ஏழு நாள் பூசிப் பார்க்கலாம். அங்கே ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஒவ்வாமைக்கு வாய்ப்புக் குறைவு என்று மட்டுமே கொள்ள முடியும். முழங்கை தாங்கியதை முகம் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. எனவே எட்டாம் நாள், முகம் முழுதும் பூசுவதற்கு முன், மூக்கோர மடிப்பில் ஒரு பக்கம் மட்டும் ஒரு துளி வைத்துப் பார்ப்பது நல்லது. எரிவதாக இருந்தால் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் தெரிந்துவிடும்.